பதினொரு செக்கன்

ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து
பீலிவரை இறங்கும் குறுக்குக்கு
ஆப்பில் யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்:
டிராகன் இறக்கம்.
முதலிடத்தில் டிலக்‌ஷன்.
இரண்டு நிமிடம் நான்கு செக்கன்.

நேற்று நானும் சைக்கிளை விட்டேன்.
மூன்றாம் முடக்கில் பிரேக்கைத் தொடவே இல்லை.
கவ்வாத்து வெட்டிய குச்சிகள்
கெண்டைக்காலைக் கிழித்தன.
கடைசித் திருப்பத்தில்
கொழுந்து மூட்டைகளோடு மூன்று பெண்கள்.

பிடித்தேன்.
பின்சக்கரம் வழுக்கிக் கானுக்குள் போனது.
முன்னால் வந்தவர்
தலைச்சுமையை இறக்காமலே கேட்டார்:
"என்னா தம்பி, அவசரமா?"
இல்லை என்றேன்.
காற்சட்டைப் பைக்குள் போன்
எண்ணிக்கொண்டே இருந்தது.

பதினொரு செக்கன்.
ஐந்தாம் இடம்.

அப்புத்தளை டவுனில் பிளேன்டி ஆறுகிறது.
வழிவிட்டு நின்ற நேரத்தைக்
கழிக்க வேண்டாமா, இது என்ன போட்டி
என்று கத்துகிறேன்.
"கழிக்கிறத பத்தி
கொழுந்து நிறுக்கிறவர்கிட்ட கேளு"
சிரிக்கிறான் டிலக்‌ஷன்.

நீ மட்டும் எப்படி நிற்காமல் வந்தாய்?

"அன்னைக்கு போயா.
மலையில ஒருத்தரும் இல்ல."

கிளாசை ஒருமுறை சுழற்றுகிறான்.

"அதுக்கு மொத நாள் ஓடினப்ப
எதிர்ல அம்மா வந்துச்சு.
அத அழிச்சிட்டேன்."