சி பிளாக் மொட்டைமாடி

ஏப்ரல் கடைசி, பகல் இரண்டரை மணி.
துப்பாக்கி போலிருக்கும் வெப்பமானியால்
மாடித் தளத்தைச் சுட்டேன்:
ஐம்பத்தொன்பது.
படிவத்தில் எழுதிக்கொண்டேன்.
செருப்பிலிருந்து ரப்பர் வாசம் எழுந்ததை
எழுத அதில் கட்டம் இல்லை.

அம்மாப்பேட்டைக்கு அந்தப் பக்கம்
தூய்மைப் பணியாளர் குடியிருப்பு.
எழுபத்தெட்டில் கட்டியது.
ஒரு பிளாக்குக்குப் பதினாறு வீடு, லிஃப்ட் கிடையாது.
திட்டத்தின் பெயர் நீளம். சுருக்கிச் சொன்னால்
கரியைக் குறைக்க வேண்டும்,
முப்பது விழுக்காடு.

"எதுல இருந்து முப்பது?"
கேட்டவர் மரகதவல்லி, பதினான்காம் எண் வீடு.
விடியுமுன் போய்ச் செவ்வாய்ப்பேட்டையில்
மூன்று தெருக் கூட்டிவிட்டு வந்தவர்.
"இப்ப எரிக்கிறதுல இருந்து" என்றேன்.
மின் அட்டையை நீட்டினார்.
இரண்டு மாதத்துக்கு எண்பத்துநாலு யூனிட்.
ஒரு விசிறி, இரண்டு குழல்விளக்கு, மிக்ஸி,
வெயில் ஏறினால் தானாக அணையும் டிவி.
ஏசி இல்லை. ஹீட்டர் இல்லை.
கார் உண்டா என்று கேட்கக் கூசியது. கேட்டேன்.
"குப்பை லாரி உண்டு மேடம், எழுதிக்கங்க."

நான் தேடி வந்த கரி
நான் ஏறி வந்த படிக்கட்டுக்குக் கீழே
முனகிக்கொண்டிருந்தது.
ஐந்து குதிரைத்திறன். தொட்டி நிரம்பியும்
நிற்கத் தெரியாத மோட்டார்.
மிதவைப் பந்து உடைந்து மூன்று வருடம்.
வழிகிற தண்ணீரில் சுவரோரம்
ஒரு பப்பாளி தளதளவென்று நிற்கிறது.
புகார் எண்களை, தேதியோடு,
சுவரில் அடுப்புக்கரியால் எழுதி வைத்திருந்தார்கள்.
அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த
நேர்மையான கரிக்கணக்கு அதுதான்.
மோட்டாருக்குப் பில் கட்டுவது மாநகராட்சி.
பந்தின் விலை நானூற்றைம்பது ரூபாய்.
திட்டத்தில் பந்து இல்லை,
வெள்ளைப் பூச்சு இருந்தது.

மே மாதம் பூசினார்கள்.
வெள்ளைக்கல் தோண்டுகிற கரட்டில்
ஒரு துண்டைப் பெயர்த்து
வீட்டின்மேல் கவிழ்த்த மாதிரி, கண் கூசியது.
சுட்டேன்: நாற்பத்தொன்று.
கீழே மரகதவல்லி வீட்டில்
ஐந்து டிகிரி இறங்கியிருந்தது.
விசிறியிலிருந்து
காற்று என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது.
உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு.
'பூச்சு அழுக்காகும், யாரும் மேலே வரக்கூடாது.'
அறிவிப்பின் அடியில் என் கையெழுத்து.

கோடை முழுக்கப் பாயோடு, கைக்குழந்தையோடு
பதினாறு வீடும் படுத்துக்கிடந்த இடம் அது.
ஏற்காட்டு மலைப்பாதையில்
வண்டி வெளிச்சம் வளைவு வளைவாக ஏறுவதை
எண்ணிக்கொண்டே பிள்ளைகள் தூங்குவார்கள்,
எட்டாவது வளைவைத் தாண்டியதில்லையாம்.

ஜூனில் அளவெடுக்கப் போனேன்.
எண்பத்துநாலு தொண்ணூற்றாறு ஆகியிருந்தது.
எல்லா வீட்டிலும் அப்படியே.
இரண்டு நாள் யோசித்த பிறகே புரிந்தது.
மாடியில் தூங்கியவரை
இரவில் அவர்களுக்கு விசிறி தேவைப்பட்டதில்லை.
பூச்சு மிச்சம் பிடித்ததைப்
பூட்டு தின்றுவிட்டது.

மரகதவல்லி அலுவலகம் வந்தார்,
மனு எதுவும் கொண்டுவரவில்லை.
"ஊர்த் தெருவையே கூட்டுறோம்.
நாங்க படுக்கிற மாடியைக் கூட்டத் தெரியாதா?"
மேசை டிராயரிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.
கோப்பு எதிலும் அது கிடையாது.
மறுவாரம் போனபோது கதவருகே
செருப்புகள் வரிசையாகக் கிடந்தன,
பக்கத்தில் ஒரு வாளி, ஈரத் துணி.

ஆண்டறிக்கையில்
முப்பதுக்குப் பதில் பதினொன்று என்று வந்தது.
மீதி எங்கே என்று மேலே கேட்கிறார்கள்.

மீதி பத்தொன்பது
படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது சார்,
பப்பாளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு.