காதணி விழாப் பாய்

மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது
தேசிங்கின் சட்டைப்பையில் ரேடியோ.
ஏரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காவேரிப்பாக்கம் கடைவாசலில்
தண்ணீர் வழிந்து மூன்றாம் நாள்.
வலை உள்ளே கிடக்கிறது,
எட்டாயிரம் ரூபாய், அதுவும் கடன்.

மூங்கிலில் கட்டிய பிளக்ஸ்தான் பாய்.
சோளிங்கர் சாலையோரம் அவிழ்த்து வந்தது.
செல்வி யாழினி, காதணி விழா,
வருக வருக.
அவள் கன்னம் புடைத்தால் படகு நகரும்.

வாடையில் நன்றாகத்தான் போனோம்.
பாதி ஏரியில்
அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போனது.
தேசிங்கு துடுப்பை எடுக்கவில்லை.
நாக்கை நீட்டி,
"உப்பு" என்றான்.
"உன் வேர்வைடா" என்றேன்.
கடலுக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

கொண்டல் எழுந்தது.
கரை விளக்குகள் அணைந்தனவா
நாங்கள் விலகினோமா தெரியவில்லை.
பாயை அறு என்று கத்தினேன்.
பிள்ளை முகத்தில் கத்தி வைக்கச் சொல்கிறாயா என்று
முடிச்சை நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தான்,
அந்த மழையில், அந்த இருட்டில்.

எங்களை நிறுத்தியது சீமைக்கருவேலம்.
வெட்டச் சொல்லி ஊரே மனு கொடுத்த மரம்.
நானும் கைநாட்டு வைத்திருக்கிறேன்.
கழுத்தளவு நீரில் நின்று
முள்ளோடு பிடித்துக்கொண்டது.

இரவெல்லாம் ரேடியோ
கரையைக் கடக்கிறது, கடக்கிறது என்றது.
நாங்களும் அதற்குத்தான் காத்திருந்தோம்.

விடிந்தபோது இலைகூட அசையவில்லை.
பிளக்ஸில் ஒரு 'வருக' மட்டும் மீதி.
வலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.
தேசிங்கு குனிந்து தண்ணீர் இறைக்கையில்
அவனுக்குத் தெரியாமல்
மேலுதட்டை நக்கிப் பார்த்தேன்.