தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு

செய்முறைத் தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது.
கார்பனேட்டைப் பிரித்தோம், குளோரைடு வந்தது.
சல்பேட்டைப் பிரித்தோம், கூடவே குளோரைடும் வந்தது.
நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம்
வளையலைப் போல வரவழைத்த ஜெர்லின்
அந்தக் கர்வத்திலேயே
அடுத்த சோதனைக்குழாயில் சில்வர் நைட்ரேட் விட்டாள்.
அதிலும் தயிர்.

கெமிஸ்ட்ரி மிஸ் பிரசவ விடுப்பில்.
காவலுக்கு வந்த வரலாற்று சார்
ஜன்னலோரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.
"எல்லா உப்பையும் கலந்து வச்சிருக்காவட்டீ"
என்றாள் இசக்கிப்பிரியா. மூன்றாவது முறையும் தப்பாகி
அழத் தயாராய் இருந்தாள்.

ஜெர்லின்தான்
உப்பே போடாத குழாயில்
போர் தண்ணீரை மட்டும் பிடித்து
நாலு சொட்டு விட்டாள்.

வெளுத்தது திசையன்விளை.

பருப்பு வேகாத காரணம்,
குளியலறைப் பூவாளி அடைத்த காரணம்,
குடத்தின் கழுத்தில் வருஷக்கணக்காய்ப் படிந்த வெள்ளை,
எல்லாம் சேர்ந்து ஒரு குழாயின் அடியில்
மெல்ல இறங்கி உட்கார்ந்தது.

காலி வடிநீர்க் கேன்
எழுதிப்போட்ட விண்ணப்பத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை.
கோயில் கிணறு: தயிர்.
கூட்டுக் குடிநீர்க் குழாய்: லேசாய் மோர்.
பன்னிரண்டு ரூபாய்க் கேன் தண்ணீர்
யோசித்து யோசித்து மங்கியது.
இசக்கிப்பிரியா கன்னத்திலிருந்தும் ஒரு சொட்டு எடுத்தோம்.
அதைச் சொல்ல வேண்டியதில்லை,
அவளே சிரித்துவிட்டாள்.

பேட்டரிக் கடையில் லிட்டர் இருபத்தைந்து.
நாற்பது பேர், இரண்டு பிரிவு, ஒரு தேர்வு.
கணக்கு போட்டுவிட்டு
சோடா குடிக்காமல் நடந்தோம்.
ஏ.டி.எம். வாசலில் ஏதோ சொட்டியது.

ஏ.சி.யின் பின்பக்கக் குழாய். கீழே பெயின்ட் வாளி.
காவலுக்கிருந்த சுயம்பு அண்ணாச்சி
"பணம் எடுக்கவா?" என்று கேட்டார்.
"தண்ணி எடுக்க."
"அது குடிக்க ஆகாதுட்டீ, சப்புன்னு இருக்கும்.
ஒரு உப்பு உறைப்பு கிடையாது."
நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்.
பெயர், நேரம், காரணம்.
காரணத்தில் ஜெர்லின் எழுதினாள்:
குளோரைடு.

மாசி வெயில் எங்கள் பக்கம் இருந்தது.
ஊர் பணம் எடுக்க எடுக்க, கதவு திறந்து மூட மூட,
உள்ளே போன புழுக்கமெல்லாம் வெளியே சொட்டியது.
நான்கு நாளில் பதினெட்டு லிட்டர்.
தேங்காய் எண்ணெய் டின், டிபன் தூக்கு,
இசக்கிப்பிரியாவின் அக்கா கல்யாணத்துக் குடம்.

வடிதாளில் வடித்து
குழாயில் ஊற்றி
நாலு சொட்டு விட்டுக் காத்திருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.
வெளிச்சத்தில் பிடித்தோம். ஆட்டினோம்.
அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.
கைதட்டிய சத்தத்தில் வரலாற்று சார்
யாரோ குழாயை உடைத்துவிட்டதாக ஓடி வந்தார்.

விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிருந்தது.
"அதுக்குள்ள ஓட்டுப் போட்டுட்டியா?"
என்று அம்மா சோப்பும் தேங்காய் நாரும் எடுத்து வந்தாள்.
போகவில்லை.

தேர்வன்று எனக்குப் பதினேழாம் எண் பொட்டலம்.
வெள்ளைத் தூள், மணமில்லை, நிறமில்லை.
வள்ளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
என் பின்னால் நின்றபோது
சரியாய் அதே தயிர் திரண்டது.
அம்மோனியா விட்டதும் கரைந்தது.
பாடத்தில் உள்ளபடியே, அட்சரம் பிசகாமல்.

எழுதப் போன பேனா நின்றது.

இன்னொரு குழாய் எடுத்தேன்.
வெறும் ஏ.டி.எம். தண்ணீர், நாலு சொட்டு.
"என்னம்மா, அதில் ஒன்றுமில்லையே?" என்றார்.
"ஆமா சார்" என்றேன்.
எழுதினேன்.