கிழக்குச் சுவர்

கசிவுக்கு விலை சொல்ல வந்தவன் நான்.
மேட்டுப்பாளையத்திலிருந்து, சுத்தியலும் டேப்புமாக.
பள்ளி எங்கே என்று அருவங்காட்டில் கேட்டேன்,
ஸ்கூலைக் காட்டினார்கள்.
ஆர்த்தடாக்ஸ்காரர்களின் பள்ளிக்குக் கோபுரமில்லை.

ஈரக் கைக்குட்டையை நாலு முனையில் பிடித்து
எதிரெதிர் இரண்டை உயர்த்தினால்
அப்படியே விறைத்துப்போன கூரை.
அறுபத்தெட்டில் போட்டது. கனம் இரண்டரை அங்குலம்.
ஓரத்தில் அளந்தேன், சரியாக இருந்தது.

வரைபடத்தில் ‘ஷெல்’ என்று எழுதியிருந்ததற்காக
குருவிளாவை வெடிமருந்து ஆலை வாசலில்
அரை நாள் உட்கார வைத்தார்களாம்.
பகலில் அங்கே டிராப்ட்ஸ்மேன், இரவில் இதற்கு.
கான்கிரீட் ஊற்றிய அன்று
நஞ்சபோயனின் ஆட்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
சட்டி சட்டியாகக் கைமாற்றி
காலைச் சங்கு ஊதும்வரை நிறுத்தவில்லை.
நிறுத்திய இடத்தில் கோடு விழும்.
கோடு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆக, ஒழுகுவது கூரை இல்லை.

பலிபீடம் கிழக்கில்தான் இருக்கவேண்டும், அது விதி.
இங்கே கிழக்கில் இருப்பது மலை.
வேறொருவர் என்றால் நிலத்தை மாற்றச் சொல்லியிருப்பார்.
இவர் மலையை வெட்டி, சுவரை அதன்மேல் சாய்த்து,
உச்சியில் ஒரு சாண் கீறல் விட்டிருக்கிறார்.
வெயில் பத்து மணிக்கு வருகிறது.
தண்ணீர் வருடம் முழுக்க.

அலமாரியில் கிடைத்த பழைய தாளில்
சுவரடியில் ஒரு சின்ன வாய்க்கால்.
பக்கத்தில் பென்சிலில், மலையாளத்தில் ஏதோ.
ஸ்கரியா அச்சன் கண்ணாடியை மாற்றிப் படித்தார்:
“இது வரும். வழி விடவும்.”

தொண்ணூற்று நாலில் அந்த வாய்க்கால்மேல்
பளிங்கு பதித்திருக்கிறார்கள்.
மறைந்த ஏலியம்மாவின் நினைவாக
பிள்ளைகள், மஸ்கட்.

செயலாளர் கேட்கிறார், பெயின்ட் அடித்தால் நிற்காதா?
நிற்கும். இரண்டு மழைக்கு.
முதல் வார்த்தையோடு நிறுத்தியிருந்தால்
முன்பணத்தோடு அன்றைக்கே மலை இறங்கியிருப்பேன்.

குர்பானாவின் நடுவே திரையை இழுத்தார்கள்.
பாட்டு ஓய்ந்தது.
திரைக்குப் பின்னால், சிலுவைக்கும் பின்னால்,
சொட்டு.
ஒரு பையன் வாளியை நகர்த்தும் சத்தம்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
பதில் பாட்டில் அதுவும் ஒரு வரிபோல.

வெளியே வந்து ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
பளிங்கு பெயர்த்தல், நாற்பது சதுர அடி.
பேர் இருக்கும் கல்லை உடையாமல் எடுத்தல்,
தனிக் கூலி.
எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.