வெறும் வயிற்று நேரம்

ஐந்தே முக்காலுக்கு
வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் முதல் வீடு.
காப்பி குடிக்காத முகங்கள் கதவைத் திறக்கும்.
பாதி கோபம், பாதி தூக்கம்.
எனக்கும் வெறும் வயிறுதான்.
யாரும் சொல்லவில்லை,
கடைசி வீடு முடியும்வரை
எதுவும் உள்ளே இறங்குவதில்லை, அவ்வளவே.

ஜைத்தூன் பீவி கையை நீட்டிவிட்டு
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.
லேத் பட்டறை அலங்காரத்தின் முழங்கை மடிப்பில்
ஸ்பிரிட் பஞ்சுக்கும் அசையாத கிரீஸ் கோடு.
பட்டையை இறுக்கிவிட்டு
நரம்பை நான் கண்ணால் தேடுவதில்லை.
ஆள்காட்டி விரல் தேடும்.
தோலுக்கு அடியில்
அமுக்கினால் உள்ளே போய்
விட்டால் மேலே வருகிற ஒன்று.
அது தட்டுப்படும்வரை
எனக்கு மாதத் தவணை இல்லை, மாமனார் வீடு இல்லை,
மதுரையே இல்லை.

முதலிலிருந்தே இப்படி இல்லை.
பதினோரு வருஷம்
கைகளைக் குத்திக்கொண்டே
வேறெங்கோ இருந்தேன்.
ஓர் ஆவணி மாதம், அவனியாபுரத்தில்,
காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுமி.
சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது.
சீட்டுக் கம்பெனிக்காரர்கள்.
ஒரு தடவை தவறியது.
இரண்டாம் தடவையும்.
அவள் அழவில்லை.
"பரவால்லண்ணே,
இன்னொரு கை இருக்குல்ல"
என்று அதை நீட்டினாள்.

அன்றிலிருந்து போன்
எக்செல் வண்டியின் முன்பையில் கிடக்கிறது.

போன வாரம் மச்சினன் பால்ச்சாமி வந்தான்.
ரிப்போர்ட் தாளின் பின்பக்கம்
கே.கே. நகரில் ஒரு கிளை வரைந்தான்.
ஏசி, கண்ணாடிக் கதவு, ஆறு பேர் சம்பளம்.
"நீங்க இனி ஊசியே பிடிக்க வேணாம் மச்சான்"
என்றான், அதுதான் பெரிய லாபம் என்பதுபோல.
நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.
பூங்கோதை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"கணக்கு சரியாத்தான் இருக்கு."
சரியாகத்தான் இருந்தது.
தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது.
போய் வாளியை வைத்தேன்.
முதலில் அடியில் படபடவென்று,
பிறகு தடித்து,
பிறகு தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற அந்தக் குரல்.
வாளிக்குள் கொல்லை விளக்கு
நடுங்கி நடுங்கி மேலேறி வந்தது.
கவனம் கவனம் என்று பெருமைப்படுகிற ஆள்,
பார்த்துக்கொண்டே நின்றேன்,
வழிந்து கால் நனைந்தது.
உள்ளேயிருந்து பூங்கோதை சிரித்தாள்.
"வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க."

பால்ச்சாமிக்குச் சாப்பாடு போட்டோம்.
ரசமும் சுட்ட கருவாடும்.
இரண்டு தடவை சோறு கேட்டான்.
தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனான்,
தை பிறந்தால் மறுபடி வருவான்.

எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது,
நூற்றுப் பதினேழு.
ஒன்பதே காலுக்கு வண்டியை ஸ்டாண்டு போட்டு
நாளைக்கு ஒன்று என விதித்துக்கொண்ட டீயில்
இனிப்பு நாக்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது
என்று பார்க்கிறேன்.
நேற்றைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்குகிறது.

ஊசியை எடுத்ததும்
பஞ்சை அழுத்திப் பிடிங்க, பத்து எண்ணுங்க என்பேன்.
பாதிப் பேர் ஆறிலேயே விட்டுவிடுவார்கள்.
மிச்சம் நாலை நான் எண்ணுகிறேன்,
என் கட்டைவிரலை அங்கே வைத்து.
ஏழு.
மாடியில் யாரோ செருப்பைத் தேடுகிறார்கள்.
எட்டு.
வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம்.
ஒன்பது.
பஞ்சுக்கு அடியில் ஒரு துடிப்பு.
அலங்காரத்தினுடையதா, என்னுடையதா,
தெரியவில்லை.