ஈரப்பதம்

வேர்க்கிளம்பி எடைமேடையில்
ஆறேகாலுக்கு முதல் டெம்போ.
நேற்றுக் குலை வெட்டிய செந்துளுவன் தடைகள்
கறை சொட்டக் கிடக்கின்றன.
கறை பட்ட துணி வெளுக்காது.
வேலைக்கென்று ஒரே ஒரு சுடிதார்;
அது தவிட்டு நிறத்திலேயே பிறந்ததென்று
புதிதாய் வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

வண்டி கழித்து எழுநூற்று இருபது கிலோ.
இரட்டை ஊசிக் கருவியை
அடித்தடையில் குத்துகிறேன்.
தொண்ணூற்றிரண்டு.
திரை தானே கழித்துக்கொள்கிறது:
உலர் எடை ஐம்பத்தேழு கிலோ அறுநூறு.
அதற்குத்தான் காசு.

"மிச்சம் எங்க போச்சு பிள்ளே?"
என்கிறார் செல்லத்தங்கம்.
தண்ணி.
"அந்தத் தண்ணியும் நான் விட்டதாக்கும்.
சானல் அடைச்ச மாசம்
டீசல் ஊத்தி விட்டது."

அதை எழுத என் திரையில் கட்டமில்லை.

கொட்டகை அரசுடையது,
பூட்டிக் கிடந்த கயிற்றுச் சங்கக் கட்டடம்.
எந்திரம் கம்பெனியுடையது.
தடை எங்களுடையது.
மூன்று கையெழுத்து, நாற்பத்தோரு பக்கம்.
திறப்புவிழாவில் அதிகாரி
"உயிரிப் பொருளாதாரம்" என்றபோது
பின்வரிசையில் யாரோ
"உயிரையும் எடுப்பினுமோ?" என்றார்.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பொய் சொல்லக்கூடாது,
நன்றாகத்தான் நடக்கிறது.
ஏலா வரப்பில் ஈ மொய்த்து அழுகியது
இப்போது கொடிகளில் நாராய்த் தொங்குகிறது.
வெயில் ஏறினால் கொட்டகை முழுக்க
யாரோ தலை வாரிப் போட்டதுபோல.
முப்பத்தொரு பேருக்குச் சம்பளம்.
தாள் பை, நாப்கின்,
காருக்குள் வைக்கும் ஏதோ தகடு என்று
லாரி பூனாவுக்குப் போகிறது.
கல்பனாபாய் முதல் சம்பளத்தில்
கடைவாய்ப்பல் கட்டினாள்.
சிரிக்க அல்ல, முறுக்குத் தின்ன.

பிழிந்த சாறு முதல் ஆறு மாதம்
ஓடைக்குப் போனது.
ஏழாம் மாதம் கேன் வந்தது.
பச்சை மூடி, வாழைப்பூப் படம்,
திரவ ஊட்டம், இருபது லிட்டர், நூற்றெண்பது ரூபாய்.
செல்லத்தங்கம் ஒன்று வாங்கினார்.
அங்கேயே திறந்து மணந்தார்.
"இது நம்ம விளைத் தண்ணியாக்கும்" என்றார்,
காணாமல்போன ஆட்டைத்
திங்கள்சந்தையில் கண்டவர்போல.

அன்றிலிருந்து ஒரு கட்டுரை நோட்டில்
தனிக் கணக்கு எழுதுகிறேன்.
செல்லத்தங்கம், ஈரம் அறுநூற்று அறுபத்திரண்டு.
எட்வின்சாம், ஈரம் நானூற்றுப் பத்து.
பாட்டத்துக்கு எடுத்த ரோஸ்லெட், ஆயிரத்து முப்பது.
யாரும் எழுதச் சொல்லவில்லை.

மறுஆய்வுக் கூட்டத்தில்
நோட்டை மேசையில் வைத்தேன்.
வாங்கும்போது கழிவு,
விற்கும்போது ஊட்டம்.
ஒரே தண்ணி சார்.

மேலாளர் கோகுலநாதன் கெட்டவரல்ல.
ஒவ்வொரு பக்கமாகத்தான் புரட்டினார்.
வடிகட்ட, புளிக்கவைக்க,
கேனில் அடைக்கச் செலவுண்டு என்றார்.
உண்டு.
"செலவக் கழிச்சுக்கோங்க.
தண்ணியக் கழிக்காதீங்க" என்றாள் ரோஸ்லெட்.
பிறகு இருபத்தொன்பதாம் பக்கத்தைக் கேட்டாள்:
காற்றில் விழுந்த வாழையை
வாங்கக் கம்பெனிக்குக் கடமையில்லையாம்.
"ஒக்கியில எனக்கு எண்ணூறு மூடு
ஒரே ராத்திரியில சாஞ்சது.
அன்னைக்கு வாங்காதவங்க
என்னைக்கு வாங்கி என்ன?"
தோட்டக்கலை அலுவலர் ஷெர்லின் பிரேமா
தண்ணீர் குடித்தார்.
கூட்டக்குறிப்பில் இரண்டுக்கும் சேர்த்து
ஒரே சொல்: பரிசீலனை.

ஒன்றரை மாதம் மழை.
ஈரம் தொண்ணூற்று நாலு வரை ஏறியது.
சலித்துப்போய் ஒரு மதியம்
கருவியை என் உள்ளங்கையில் வைத்தேன்.
எண் சொல்ல மாட்டேன்.
மாதச் சம்பளத்தை
மிச்சத்தால் வகுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை திரையைத் திறந்தால்
உலர் எடைக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு கட்டம்.
ஈரம், கிலோ: அறுநூற்று ஐந்து.
விலை: 0.

செல்லத்தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
அந்த வட்டத்தையே பார்த்தார்.
திட்டுவாரென்று நினைத்தேன்.

"குழி எடுத்தாச்சு" என்றார்.
"கன்னு வைக்க வேண்டாமா?"

பின்னால் எட்வின்சாமின் டெம்போ
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.