முப்பத்தேழாம் இலக்கம்

ஒட்டுசுட்டான் கலிஸ்ரனின் கொப்பியில்
நான் முப்பத்தேழு.
மாசியில் ஆயிரத்தைந்நூறு முற்பணம் கட்டினேன்.
"எப்ப கிடைக்கும்?"
"வரிசை வர."
சொல்லிவிட்டுப் பேனையை மூடாமல் இருந்தான்.
"எந்தக் கை, அக்கா?"

இருபது வருடம் மீன் வெட்டுகிறேன்,
கத்தி விற்ற ஒருவரும் கேட்டதில்லை.
இடக்கை என்றேன்.
கடைக் கத்திகள் வலக்கைக்காரருக்குத் தீட்டியவை.
எனக்கு அவை பாரையின் முள்ளோரம் நேராகப் போகாது,
தசைக்குள் சரியும்.
புதுக்குடியிருப்புச் சந்தையில் அதற்குப் பெயர்
பவளராணியின் அவசரம்.

ஒரு மட்டையில் என் கையை வைக்கச் சொல்லி
பென்சிலால் சுற்றிக் கீறினான்.
சுண்டுவிரல் பாதிதான்.
ஏன் என்று கேட்கவில்லை,
உள்ள அளவுக்குக் கீறினான்.

நானும் ஒன்று கேட்டேன்,
இந்தப் பக்கம் எவரும் கேட்பதுதான்:
இரும்பு எங்கத்தையான்?
"ட்ரக்டர் பெட்டியின்ர வில்லுத்தகடு. ஏலத்தில எடுத்தது.
மண்ணுக்குள்ள கிண்டினது இல்லை."
ஏலத் துண்டையும் எடுத்துக் காட்டினான்.

பங்குனி போனது.
பதிவது எனக்குப் புதிதில்லை.
தகரத்துக்குப் பதிந்தேன்: பதினாலுக்கு ஒன்பது வந்தது.
கிணற்றுக்குப் பதிந்தேன்: வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
தம்பியின் பெயரை நாலு இடத்தில் பதிந்தேன்.
அந்தத் துண்டெல்லாம் ஒரு மாப்பேணிக்குள் கிடக்கிறது.
கலிஸ்ரன் தந்த துண்டை
அதற்குள் போட மனம் வரவில்லை,
வெட்டு மேசையின் லாச்சிக்குள் வைத்தேன்,
உப்புப் பட்டுப் பட்டு
முப்பத்தேழில் ஏழு கரைந்துவிட்டது.

சித்திரை மழைக்குள் அவனே ஃபோன் எடுத்தான்.
"முப்பத்தொண்டில நிக்கிறன் அக்கா.
கரி நனைஞ்சு போச்சு. பிந்தும்."

பிந்தும் என்று சொல்வதற்காக
ஒரு மனிசன் காசு செலவழித்து எனக்கு எடுத்தான்!
சந்தை முழுக்கச் சொன்னேன்.
பக்கத்து மேசை றெஜினா
செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு
"கத்தியோ, மாப்பிள்ளையோ?" என்றாள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் வியாழன்
பஸ்ஸில் வந்து இறங்கியது.
கண்டக்டர் கையில் தரமாட்டான்,
கத்தி கைமாறினால் சண்டையாம்.
சீற்றில் வைத்தான், எடுத்தேன்.
சீமெந்துப் பைத் தாள். அதற்குள் துணி.
அதற்குள் முதிரைப் பிடி,
என் அரைவிரல் முடிகிற இடத்தில்
சின்னதாய் ஒரு பள்ளம்.

பதினொரு கிலோ அறக்குளா.
வால் பக்கத்தால் தொடங்கினேன்.
சத்தம் வரவில்லை.
முள் தனியே எழும்பி வந்தது,
பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம்
றெஜினாவின் முகம் தெரிந்தது.
நிறுவைக்கு நின்ற வாத்தியார்
ஒரு துண்டு கூட வந்திட்டுதே என்றார்.
அவசரம் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பின்னேரம் ஃபோன்.
"எப்பிடி அக்கா, திருப்தியோ?"

திருப்தி எனக்குத் தெரிந்து படிவங்களில் இருக்கிற சொல்:
மிக நன்று, நன்று, பரவாயில்லை,
பெட்டிக்குள் ஒரு புள்ளடி,
பிறகு ஜீப் போய்விடும்.
அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்:
"பிடி ஒரு நூல் நீளம்."

"பஸ்ஸில போட்டு விடுங்கோ, சீவித் தாறன்.
மூண்டு நாள்."

மூன்று நாளா.
மேசையைப் பார்த்தேன்.
துடைத்து, எண்ணெய் தடவி, துணியின் மேல் கிடந்தது.
"நீளம் கிடக்கட்டும்" என்றேன்.

சிரித்தான் போல.
நான் வைக்கவில்லை.
"இறாலுக்கு ஒரு சின்னன் பதியலாமோ?"

"அறுபத்திரண்டு. மாரிக்குப் பிறகுதான்."

"அளவுக்கு வரவேணுமோ?"

"என்னத்துக்கு?
உங்கட கை இஞ்ச ஆணியில தொங்குது."